குளத்துக்குள் காய்ந்த சைக்கிள்

அத்தியாயம் ஐந்து

“பெல் அடிக்குது அக்கா,” என்றாள் அல்பொன்சா.

நம்ப முடியாதவள்போல இன்னொரு தரம் அடித்தாள். காலை ஆறு மணி. வண்ணாத்திவில்லில் அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு நாயைக் குரைக்க வைக்க அது போதுமாக இருந்தது.

“அடிச்சா நல்லம்தானே,” என்றேன்.

“என்ன நல்லம்? ரெண்டு மாசம் குளத்துத் தண்ணிக்குள்ள கிடந்த சைக்கிளாம் இது. பெல்லுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. ஒரு கிழமை தண்ணி பட்டாலே இறுகிப்போகும். செயினப் பாருங்க, எண்ணெய் இன்னும் கையில ஒட்டுது. தண்ணியில போட்டு வச்சா சைக்கிள் இப்பிடி இருக்குமெண்டா, நான் கடையப் பூட்டிட்டு எல்லாச் சைக்கிளையும் களப்புக்குள்ள எறிஞ்சிருவன்.”

அல்பொன்சா கற்பிட்டியில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவள். மிச்ச நேரத்தில் எனக்கு உதவியாள். மிச்ச நேரம்தான் அவளிடம் அதிகம், வாயும் அப்படித்தான். நான் ஹஃபீலா. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பதினைந்து வருடம் பொய்யர்களைத் தேடித் திரிந்தேன். இப்போது அதே வேலையை யாருக்காவது செய்து கொடுக்கிறேன். என் கணவர் சுஹைர் மௌத்தாகிப் பதினெட்டு மாதம். அன்றிலிருந்து எனக்கு அழுகையும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. பசிகூட இல்லை, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். தொழிலுக்கு இது வசதி என்பாள் அல்பொன்சா. இருக்கலாம்.

சைக்கிள் அஸ்மியுடையது. அவனைக் காணாமல் அறுபத்தொன்பது நாள்.

இந்தப் பக்கத்துக் காட்டுக்குள்ளால், ஏழு குளங்களைத் தொட்டுக்கொண்டு, அறுபது கிலோமீற்றர் கிறவல் ரோட்டில் ஒரு சைக்கிள் பாதையைக் கண்டுபிடித்தவன் அஸ்மி. ரோட்டைப் போட்டது அவனில்லை. மாடும் யானையும் விறகு லொறியும் போட்ட ரோட்டுகள்தான். அவற்றை ஒன்றோடு ஒன்று முடிந்து, திருப்பத்துக்குத் திருப்பம் மரத்தில் மஞ்சள் பொட்டு வைத்து, ‘ஏழுகுளச் சுற்று’ என்று பெயரும் வைத்தான். கற்பிட்டிக் கடலில் பட்டம் கட்டி அலைமேல் பாயும் வெள்ளைக்காரர்கள் எல்லாம், காற்று விழுந்த நாட்களில் அவனோடு சைக்கிளில் போனார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பொட்டுகளுக்குப் புதுப் பெயின்ற் அடித்து வருகிறேன் என்று போனவன். வரவில்லை. மூன்று நாளைக்கு முன் ஆறாம் குளம் வற்றிய இடத்தில் சைக்கிள் கிடந்தது. பொலிஸ் வந்து படம் எடுத்தது. யானை விரட்டிக் குளத்தில் விழுந்திருப்பான், முதலை மிச்சத்தைப் பார்த்திருக்கும் என்று எழுதிக்கொண்டு, சைக்கிளை வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

ருஷ்தா வாசலில் நின்றாள். அஸ்மியின் மனைவி, இருபத்தாறு வயது. வெள்ளை உடுத்திருந்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் மேசையில் ஒரு பீங்கானில் சோறு மூடி வைத்திருந்தது.

“அது யாருக்கு?” என்றேன்.

“அவருக்கு.”

“இந்த வெள்ளை?”

“அதுவும் அவருக்குத்தான்.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “ராத்தா, நான் உங்களக் கூப்பிட்டது ஒண்டே ஒண்டு கேக்கத்தான். ஆர் செஞ்ச, என்ன செஞ்ச எண்டெல்லாம் எனக்கு வேணாம். நான் இத்தா இரிக்கவா, சோறு எடுத்து வைக்கவா? பள்ளி லெப்பையிட்ட கேட்டன். மையத்தக் கண்ணால காணாம நான் எப்பிடிச் சொல்ற புள்ள எண்டாரு. பொலிஸ்ல கேட்டன். அது எங்கட வேல இல்ல எண்டாங்க. ரெண்டையும் செஞ்சுகொண்டு எத்தின நாளைக்கு இரிக்கிற?”

கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பது இத்தா. எண்ணிக்கை மௌத்தான நாளிலிருந்து. பிறைக் கணக்கில் எண்ண வேண்டும். நான் இருந்து முடித்தவள். ஒவ்வொரு நாளையும் எண்ணி இருந்தேன், அதைவிட வேறு வேலை இருக்கவில்லை.

சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. ஆங்கிலத் தேதிக்குக் கீழே பிறைத் தேதி போட்ட கலண்டர். ஒக்டோபர் மாதம் திருப்பி வைத்திருந்தது. ரபீஉனில் ஆகிர் பிறை இருபத்தாறைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“ஜவ்பர் நானா அனுப்பினாரு,” என்றாள் ருஷ்தா. “சைக்கிள் கிடைச்ச அண்டைக்கே. பொஞ்சாதி நஸ்லாட்டக் குடுத்து. இனி எதிர்பாக்காத, இத்தா இரு, இந்த நாளையில முடியும் எண்டு.”

ஜவ்பர் மூன்றாம் குளத்துக்கு அப்பால் கஜு முந்திரித் தோட்டம் வைத்திருக்கிறவர், அஸ்மியின் கூட்டாளி. சைக்கிள்காரர்கள் அவர் தோட்டத்தில்தான் பகல் சாப்பிடுவார்கள்.

“போன அண்டைக்கு என்ன பிறை?”

“பிறை பதின்மூண்டு. பெருநாள் தக்பீர் முடியிற நாள்.” அவள் கலண்டரைப் பார்க்காமலே சொன்னாள். “ரெண்டு நாள் வேல எண்டாரு. புதன் ராவு ஜவ்பர் நானாட தோட்டத்துல தங்குவாராம். போன் வேல செய்யாத இடம்தானே. வியாழக்கிழமை பகல் ஒரு பார்சல் சோறு கட்டிக்கொண்டு ஓட்டோல தோட்டத்துக்குப் போனன். ஜவ்பர் நானா கேற்றடியில நிண்டாரு. இன்னும் இந்தப் பக்கம் வரல்ல, வந்தாக் குடுக்கிறன் எண்டு வாங்கிக்கொண்டாரு.”

“பெயின்ற் என்ன கலர்?”

“மஞ்சள் மங்கிப்போகுது எண்டு இந்தத் தரம் தோடம்பழக் கலர், ஒரேஞ்சு, வாங்கினாரு. ஏன்?”

ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரியாததைக் கேட்டு வைப்பது பழக்கம்.

*

“ஓட்டோல போவம்,” என்றேன்.

“ஓட்டோல போனா அந்தப் பொட்டு ஒண்டும் தெரியாது அக்கா. அஸ்மி வச்சது சைக்கிள்ல இருக்கிற ஆளின்ர கண் உயரத்துக்கு. அதுவும் போற பக்கத்துக்கு மட்டும். திரும்பி வரக்குள்ள பாத்தா மரம் மொட்டையாத்தான் இருக்கும். நான் ரெண்டு சைக்கிள் கொண்டு வந்திருக்கிறன்.”

“எனக்கு நாற்பத்தஞ்சு வயசு.”

“சைக்கிளுக்கு எட்டு வயசு. ரெண்டு பேரையும் கூட்டிப் பாத்தாலும் பென்சன் இல்ல. ஏறுங்க.”

நான் சைக்கிள் பழகியது தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, புத்தளத்து முகாமில், வாப்பாவின் சைக்கிளில் அரைப் பெடல் போட்டு. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது நாங்கள் கொண்டுவர முடிந்த பெரிய சாமான் அதுதான். கால் மறக்கவில்லை. முதுகு மறந்துவிட்டது.

வீடுகள் முடிந்ததும் கிறவல் தொடங்கியது. சிவப்புத் தூசு, டயருக்குக் கீழே சல்லி பொரிகிற சத்தம், இரண்டு பக்கமும் பாலை, வீரை மரங்கள். முதல் திருப்பத்தில், இடப்பக்கத்து மரத்தில், தோடம்பழக் கலரில் ஒரு பொட்டு. பழைய மஞ்சளின் மேலேயே அடித்திருந்தான். விளிம்பில் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

“யானை வந்தா என்ன செய்யிற?” என்று கேட்டேன்.

“சைக்கிளப் போட்டுட்டு ஓடுங்க.”

“நீ?”

“நான் சைக்கிளத் தூக்கிக்கொண்டு ஓடுவன். என்ட சைக்கிள்.”

முதல் குளம், இரண்டாம் குளம், மூன்றாம் குளம். தண்ணீர் நடுவில் ஒடுங்கிக் கிடக்க, நாரைகள் சேற்றில் நின்றன. குளக்கட்டின் மேல் சைக்கிள் ஓடும்போது ஒரு பக்கம் வானமும் ஒரு பக்கம் வயலுமாக இருக்கும், பார்ப்பவர்களுக்கு நெஞ்சு விரியுமாம். அல்பொன்சா அப்படித்தான் சொன்னாள். எனக்கு முழங்கால் நொந்தது. பொட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தொன்று, எல்லாம் புதுசு.

முப்பத்திரண்டாவது ஜவ்பரின் தோட்டத்துக் கேற்றைத் தாண்டி இருபது அடியில், அதுவும் புதுசாக, ஒரு முதிரை மரத்தில் இருந்தது. அங்கே பாதை ரோட்டை விட்டு விலகி, தோட்டத்துக்குள்ளால் ஒரு குறுக்கு வழியாகப் போகிறது.

ஜவ்பர் நானா கேற்றடிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தொப்பி, சுத்தமான சாரம். நாங்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தண்ணீர் கொடுத்தார்.

“பாவம் அந்தப் புள்ள,” என்றார். “அஸ்மி எங்கட பக்கம் வரவே இல்ல தங்கச்சி. வந்திருந்தா நான் விட்டிருப்பனா?”

“குறுக்கு வழியாப் போகலாமா நானா?”

“போங்க போங்க. அஸ்மிட பாதைதானே.”

தோட்டம் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கஜு மரங்கள் நேர் வரிசை, மரவள்ளிப் பாத்திகள் நேர் வரிசை. அல்பொன்சா நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துப் பார்த்தாள்.

“என்ன?” என்றேன்.

“அந்த மூலையில ஒரு பாத்தி மட்டும் கோணலா இருக்கு அக்கா. எல்லாத்தையும் நூல் பிடிச்சு வெட்டின மனுசன், அதுக்கு மட்டும் கண்ணாடி போட மறந்துட்டாரா? ரெண்டு பக்கமும் ரெண்டு குரோட்டன் வேற நட்டிருக்கு. இந்த வெயிலுக்கு மரவள்ளி காஞ்சு கிடக்குது, குரோட்டனுக்கு மட்டும் தண்ணி ஊத்தியிருக்கு.”

நான் பார்த்தேன். சைக்கிளில் ஏறினேன்.

தோட்டம் முடிந்து அடுத்த திருப்பத்தில் பொட்டு மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள். மங்கி, உரிந்து, பழசாக. நாலாம் குளம், ஐந்தாம் குளம், எங்கேயும் ஒரு தோடம்பழப் பொட்டு இல்லை.

“பெயின்ற் முடிஞ்சுபோச்சோ?” என்றாள் அல்பொன்சா. பிறகு அவளே, “இல்ல, ஆள்தான்,” என்றாள்.

*

ஆறாம் குளத்தில், பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு மெஷினோடு அன்ரனிப்பிள்ளை காத்திருந்தார். மாடு மேய்க்கிறவர், சைக்கிளை முதலில் கண்டவர். குளக்கட்டிலிருந்து இறங்கிக் குளத்துக்குள் நூறு அடி கூட்டிப்போனார். சேறு காய்ந்து ஓடுபோல் வெடித்திருந்தது. பொலிஸ்காரர் நட்ட நாலு குச்சிகள் அப்படியே நின்றன.

“இந்தா, இதுக்குள்ளதான் கிடந்துது மிஸ். நான் கையே வைக்கேல்ல, பொலிஸ்தான் தூக்கினது.”

“உங்கட மாடு இங்க எப்ப மேய்ஞ்சது ஐயா?”

“தண்ணி இறங்கின உடன. சேறு பதமா இருக்கக்குள்ள. ஒரு மாசம் இருக்கும். அதுக்குப் பிறகு இங்க என்னத்த மேயிற, மண்ணையா?”

நான் குந்தினேன். குச்சிகளுக்கு நடுவே மாட்டுக் குளம்படிகள் வரிசையாகப் போயின, ஒன்றுகூட நசியாமல், விளிம்பு உடையாமல். சைக்கிள் கிடந்த அடையாளம் ஒன்றுமே இல்லை. பெடல் புதைந்த குழி இல்லை. ஹேண்டில் அழுந்திய கோடு இல்லை.

“அல்பொன்சா, சைக்கிள் எத்தின கிலோ?”

“பதினாலு. பை எல்லாம் கட்டினாப் பதினெட்டு.”

“பதினெட்டுக் கிலோ சேத்துக்குள்ள ரெண்டு மாசம் கிடந்தா?”

“தாண்டு போயிருக்கும். தோண்டித்தான் எடுக்கோணும்.” அவள் குளம்படிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மாடு முதல் வந்துது. சேறு காஞ்சுது. அதுக்குப் பிறகுதான் சைக்கிள் வந்துது. ஆரோ கொண்டுவந்து நோகாமப் படுக்க வச்சிருக்கிறாங்க.”

“ஓம்.”

“ஏன் அக்கா? ஒளிச்சு வச்சவன் ஒளிச்சபடியே இருந்திருக்கலாமே. ரெண்டு மாசம் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. இப்ப எதுக்குக் கொண்டுவந்து காட்டுறான்?”

அதுதான் சரியான கேள்வி. வாய் நிறையப் பேசுகிறவர்களிடம் இப்படி ஒன்று அகப்படும், மற்ற எல்லாவற்றையும் அதற்காகத்தான் பொறுத்துக்கொள்வது. காட்டியதால் யாருக்கு என்ன கிடைத்தது? அஸ்மி மௌத்து என்று ஊர் நம்பியது. அன்றைக்கே ஒரு கலண்டர் வந்தது.

பதின்மூன்றோடு பத்தைக் கூட்டினேன். விரலில் எண்ணத் தேவையில்லை, என்றாலும் எண்ணினேன்.

“ஐயா, உங்கட லேண்ட்மாஸ்டர்ல எங்களையும் சைக்கிளையும் ஏத்துவீங்களா? ஜவ்பர் நானாட தோட்டத்துக்குப் போகணும்.”

“கடவுளே, நன்றி,” என்றாள் அல்பொன்சா. அவளுக்கும் முதுகு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

*

பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்த ஜவ்பர் நானா எங்களை வீட்டு வாசலில் கதிரை போட்டு இருத்தினார். நஸ்லா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்ரனிப்பிள்ளை கேற்றடியில் லேண்ட்மாஸ்டரோடு நின்றார்.

பொட்டைப் பற்றியும் குளம்படியைப் பற்றியும் நான் பேசவில்லை. பொய்யர்களிடம் அத்தாட்சியைக் காட்டினால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். பதினைந்து வருடத்தில் நான் படித்தது அது ஒன்றுதான்.

“நானா, கலண்டர் குடுத்தது நல்ல வேலை,” என்றேன். “ஆனா கணக்குல ஒரு சின்னப் பிழை இரிக்கி.”

“என்ன பிழை?”

“அஸ்மி போனது துல்ஹஜ் பிறை பதின்மூண்டு. நாலு மாசமும் பத்து நாளும் போட்டா ரபீஉனில் ஆகிர் இருபத்திமூண்டு. நீங்க இருபத்தாறுல வட்டம் போட்டிருக்கீங்க. மூணு நாள் கூட.”

அவர் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார். “அது பேணுதலுக்கு தங்கச்சி. எந்த நாள் எண்டு தெரியாதுதானே. கூட இருந்தாக் குத்தமில்ல.”

“குத்தமில்லத்தான். ஆனா அந்தப் புள்ளைக்கு இருபத்தஞ்சாம் பிறையில ஒரு காரியம் இரிக்கி. தம்பிட நிக்காஹ். மூணு நாள் சும்மா ஏன் இருக்கணும்? நான் இருபத்திமூண்டோட முடிச்சிட்டு வெளிக்கிடு எண்டு சொல்லப் போறன்.”

நிக்காஹ் எதுவும் இல்லை. ருஷ்தாவுக்குத் தம்பியே இல்லை.

“வேணாம்,” என்றார் ஜவ்பர்.

“ஏன்?”

“சொல்லாதீங்க. இருபத்தாறு வரைக்கும் இருக்கட்டும்.”

“செவ்வாய்க்கிழமை மௌத்தான மனுசனுக்கு மூணு நாள் தள்ளி எதுக்கு வெள்ளிக்கிழமைக் கணக்கு?”

“தங்கச்சி, வேணாம். ஹராம்.” தேத்தண்ணீர் சாரத்தில் ஊற்றுப்பட்டது, அவர் கவனிக்கவில்லை. “இத்தா முடியாம வெளிய எடுத்தா அந்தப் பாவம் ஆருட கழுத்துல? அவளுக்குத் தெரியாது, அவளுக்குக் குத்தமில்ல. தெரிஞ்சவனுக்குத்தானே.”

“தெரிஞ்சவன் ஆர் நானா?”

உள்ளே நஸ்லாவின் கையிலிருந்து ஏதோ விழுந்து உடைந்தது. அல்பொன்சா மூலையிலிருந்த கோணல் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் எல்லாம் ரோட்டுக்கு நேராக இருக்க, அது மட்டும் தொழுகிற கிப்லாத் திசைக்குக் குறுக்காக, ஒருவரை அடக்கிய மாதிரிக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு செடி, கால்மாட்டில் ஒரு செடி.

“வெள்ளிக்கிழமை,” என்றார் ஜவ்பர். “ஜும்ஆ பாங்கு சொல்லக்குள்ள.”

மற்றதெல்லாம் தானாக வந்தது. மரவள்ளிக்கு வருகிற காட்டுப் பண்டிக்கு முழங்கால் உயரத்தில் கரண்ட் கம்பி. சட்டப்படி குற்றம், எல்லாருக்கும் தெரியும், ராவானால் போடுவார்கள். அஸ்மி புதன்தான் வருவான் என்று நினைத்தார். அவன் வேலையை ஓடி ஓடி முடித்துக்கொண்டு செவ்வாய் பொழுதுபட மஃரிபுக்கே குறுக்கு வழியால் வந்துவிட்டான்.

“மூச்சிருந்துது. கதைச்சான். ‘நானா பயப்படாதீங்க, நாளைக்கு எழும்பிருவன்’ எண்டு அவன்தான் எனக்குச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கம்பிக் கதை வரும், என்னப் புடிப்பாங்க. ஒரு நாள் பாப்பம் எண்டு நினைச்சன். பிறகு இன்னும் ஒரு நாள். நல்லா வந்திருவான் எண்டுதான்... தொண்ணூறுல எல்லாத்தையும் உட்டுட்டு வந்தவன் நான் தங்கச்சி. இருபது வருசம் உழைச்சு எடுத்த காணி.”

“நானும் அதே வருசம் வந்தவதான்,” என்றேன். “நான் ஆரையும் மரவள்ளிக்குப் பக்கத்துல அடக்கல்ல.”

எனக்குக் கோபம் வந்ததாக நினைக்க வேண்டாம். வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

“முறையாத்தான் செஞ்சன்,” என்றார். “குளிப்பாட்டி, கபன் சுத்தி, தனிய நிண்டு தொழுது. சைக்கிளப் பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியல்ல, ஸ்டோருக்குள்ள வச்சன். ரெண்டு மாசமா அந்தப் புள்ள சோறு எடுத்து வச்சுப் பாத்துக்கொண்டிருக்கா எண்டு நஸ்லா வந்து சொன்னா. ஒவ்வொரு நாளும் சொன்னா. தாங்க ஏலாமப் போச்சு. சைக்கிளக் கண்டாச்சும் இத்தா இருப்பாளே எண்டு...”

“வியாழக்கிழமை அவ கொண்டுவந்த பார்சல்?”

ஜவ்பர் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவால்தான் பதில் வந்தது.

“நான்தான் ஊட்டினன். ரெண்டு பிடி. ‘ருஷ்தா சமைச்சது, உப்புக் கூட’ எண்டு சிரிச்சான்.”

*

அன்ரனிப்பிள்ளை சந்திக்குப் போய்ப் பொலிசுக்குப் போன் அடித்தார். அவர்கள் வரும்வரை ஜவ்பர் அந்தக் குரோட்டன் செடிகளுக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தார். ஓடவில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், காவலுக்கென்று சொல்ல முடியாது. நின்றேன்.

பின்னேரம் அஸருக்கு வண்ணாத்திவில்லுக்குத் திரும்பினோம். வழி முழுக்க லேண்ட்மாஸ்டர் பெட்டியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அல்பொன்சா இருந்தாள். ஒரே ஒரு தரம் பேசினாள்.

“அக்கா, செவ்வாய்க்கிழமையே முடிஞ்சுது எண்டு சொல்லுங்களன். அண்டைக்கு அவ கேற்றடியில நிக்கக்குள்ள அவன் உள்ள உயிரோட கிடந்தான் எண்டு ஒருத்திக்கு எப்பிடிச் சொல்லுற? ஒரு பொய். உங்களுக்கு எத்தின பேர் சொல்லியிருப்பாங்க.”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லலாம். பொலிஸ் சொல்லும்வரை ஒரு இரவாவது அவள் நிம்மதியாக இருப்பாள். ஆனால் செவ்வாய் என்றால் இருபத்திமூன்று. அவள் அதையே பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவாள். எண்ணுகிறவளுக்கு எந்தப் பொய்யையும் சொல்லலாம், நாள் கணக்கை மட்டும் பிழையாகச் சொல்லக் கூடாது. ஜவ்பரை எந்த இடத்தில் பிடித்தேனோ, அதே இடத்தில் நானும் பிடிபட்டேன்.

ருஷ்தா வாசலில் நின்றாள். காலையில் நின்ற அதே இடம்.

“இத்தா,” என்றேன். “சோறு இல்ல.”

தலையாட்டினாள். “எப்ப?”

“வெள்ளிக்கிழமை. ஜும்ஆ பாங்கோட. கலண்டர்ல இரிக்கிற வட்டம் சரி.”

சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வட்டம் அவளை ஒன்றும் செய்யவில்லை. பிறகு மெதுவாக நாட்களைப் பின்னால் எண்ணத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. வெள்ளி. வியாழன்.

“நான் கேற்றடியில நிண்டன்,” என்றாள்.

“ஓம்.”

“அவர் உள்ள இருந்தாரா?”

“ஓம்.”

“எத்தின அடி இரிக்கும் ராத்தா?”

நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொள்ளட்டும். இதற்கு நாள் கணக்கு இல்லை.

“பார்சல்?” என்றாள்.

“ரெண்டு பிடி சாப்பிட்டாராம். ஜவ்பர் சொல்ற. நம்புறதா இல்லையா எண்டு எனக்கே தெரியாது. உப்புக் கூட எண்டு சொல்லிச் சிரிச்சாராம்.”

ருஷ்தா இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அதுவரை எதுவும் அசையவில்லை. இப்போது அசைந்தது.

“ரெண்டு தரம் போட்டுட்டன்,” என்றாள். “அவசரத்துல. வீட்டுக்கு வந்து மிச்சத்தச் சாப்பிடக்குள்ளதான் தெரிஞ்சது. ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஒருத்தருக்குமே சொல்லல்ல ராத்தா.”

அப்படியே வாசற்படியில் இருந்து அழுதாள். அறுபத்தொன்பது நாள் அழுகை. நான் பக்கத்தில் இருந்தேன். தோளில் கை வைக்க வேண்டும் என்று பிந்தித்தான் ஞாபகம் வந்தது, வைத்தேன். சுஹைரின் கடைசி மூன்று நாளும் நான் கொழும்பு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒருவரும் கொண்டுவந்து சொல்லவில்லை.

கன நேரம் கழித்து ருஷ்தா எழும்பினாள். முகத்தைக் கழுவிவிட்டு மேசைக்குப் போய் மூடியிருந்த பீங்கானை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அல்பொன்சாவிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்க. காலையில இருந்து சைக்கிள் ஓடின ஆள். இண்டைக்கு உப்பு அளவாத்தான் போட்டிரிக்கன்.”

அல்பொன்சா கை கழுவிவிட்டு வாங்கினாள். ஒரு பகிடியும் விடாமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், தலை குனிந்து சாப்பிட்டாள். வெளியே நிறுத்திய சைக்கிளின் பெல்லில் தட்டிவிட்டு யாரோ அயல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. நோவு என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, பசி. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

“எனக்கும் கொஞ்சம் போடுங்க ருஷ்தா,” என்றேன்.